நான்காவது பந்தி

பந்தி என்னும் மணியைப் புனிதவதி கோத்தது ஒரு கல்யாண மண்டபத்தில், புயல் கரையைக் கடந்த மறுநாள் முற்பகலில். மண்டபத்தில் அறுநூற்றுப் பத்துப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மணமேடைத் தூண்களில் கைக்குழந்தைகளுக்குத் தூளி கட்டியிருந்தது. பாய்களோ முந்நூற்று நாற்பதுதான், இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தாயிற்று. பெயர் கொடுத்தவர்களில் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் இடிந்த வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று தெரியவில்லை. வெளியே மழையில் இன்னும் நூறு பேர் நின்றார்கள். அவள் அப்போது மறைத்துறையின் கிராம நிர்வாக அலுவலர். படித்தது தமிழிலக்கியம். நிரல் எழுதுவது எப்படி என்று அவளுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஆண்டுதான் அரசு தன் அலுவலர் அனைவரின் கைப்பேசியிலும் 'சரம்' என்ற தளத்தை ஏற்றியிருந்தது. சரத்தின் திரையில் மணிகள் கிடக்கும். ஒரு மணி பெயர் கேட்கும். ஒரு மணி அழைக்கும். ஒரு மணி காத்திருக்கும். ஒரு மணி நீக்கும். வேண்டியவற்றை விரலால் இழுத்து நூலில் கோத்தால் செயலி ஆயிற்று. 'வெளியிடு' என்பதைத் தொட்ட மறுநொடி அது ஊரெங்கும் ஓடத் தொடங்கும். நாலைந்து மணிகளை ஒன்றாகப் பொதிந்து, சொந்தமாக ஒரு பெயரிட்டுப் புதிய மணியாக்கவும் செய்யலாம்.

அவள் அதைத்தான் செய்தாள். மண்டபத்தில் வேளைக்கு ஒரு பந்தி. ஒவ்வொரு பந்தியிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று பந்திக்கும் குரல் கொடுக்காதவர் போய்விட்டார் என்று பொருள்; அவர் பெயரை நீக்கிப் பாயை அடுத்தவருக்குக் கொடு. கோக்க இருபது நிமிடம் ஆயிற்று. மறுநாள் மாலைக்குள் மழையில் நின்றவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் பாய் பெற்றார்கள்.

சென்னையில் ஒரு சால்வை போர்த்தினார்கள். செயலி வாரியம் அந்த மணியைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தது. சரத்துக்கு ஒரு குணம் உண்டு: நீங்கள் எதைக் கோக்கத் தொடங்கினாலும், அதுபோன்ற வேலைக்குப் பிறர் மிகுதியாக எடுத்த மணியைத் தானே கொண்டுவந்து நிறுத்தி, 'இதுவா வேண்டும்?' என்று கேட்கும். ஆம் என்பதற்கு ஒரு தொடுகை; இல்லை என்றால் பத்து நிமிட வேலை. மனிதர்கள் ஆம் என்றார்கள்.

இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

புனிதவதி துணை வட்டாட்சியர் ஆகி, தாலுகா அலுவலகத்தின் மாடியில் கிழக்குப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசை மரியசெல்வத்துடையது. ஓய்வுக்கு மூன்றாண்டு இருக்கும் உதவியாளர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் படியேறி வந்து வாசலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கணுக்கால் வரை உப்பு பூத்து வெளுத்திருந்தது.

"இங்க பந்தி மேடம்ங்கிறது யாரு?"

மரியசெல்வம் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "கல்யாணம் எங்கம்மா? பந்தியெல்லாம் விசாரிக்கிறீங்க?"

"கல்யாணமா? கருமாதிக்குத்தானய்யா நீங்க பேரு எழுதுறீங்க" என்றாள் அந்தப் பெண். "எம் பேரு சவுந்தரம். எம் புருசன் வேதையன். உசுரோட இருக்காரு. ஆஸ்பத்திரி போனு அவரு இல்லைங்குது."

புனிதவதி நாற்காலியைக் காட்டினாள். சவுந்தரம் உட்காரவில்லை.

வேதையன் இருபத்திரண்டு ஆண்டு உப்பளத்தில் நின்றவர். வெயிலும் உப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டன. திங்களும் வியாழனும் அரசு மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடந்தால்தான் அடுத்த மூன்று நாளைக்கு அவருக்கு மூச்சு. ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மருத்துவமனையின் செயலி கைப்பேசியில் மூன்று முறை அழைத்து, நாளைக்கு வருகிறாரா என்று கேட்கும். கைப்பேசி வீட்டில் இருக்கும். சவுந்தரம் எடுத்துப் பதில் சொல்லிவிடுவாள்.

"இந்த ஞாயித்துக்கிழம உப்பு வாருற நாளு. வானம் கறுத்துக்கிட்டு வருது, மழைக்கு முந்தி வாரணும்னு நானும் பாத்திக்குப் போயிட்டேன். போனை இடுப்புலதான் சொருவியிருந்தேன். அங்க டவர் ஏது? காலையில கூப்பிட்டுச்சாம், மத்தியானம் கூப்பிட்டுச்சாம், சாயங்காலம் கூப்பிட்டுச்சாம். திங்கக்கிழம போனா, பேரே இல்ல. எதுத்தாப்புல ஆளு நிக்கிறாரு மேடம். சிஸ்டர் அம்மா மூணு வருசமா அவரு கையில ஊசி போடுறவங்க. அவங்க கண்ணு கலங்குது. ஆனா பேரு இல்லாம மிசினு தொறக்காதாம்."

"வேற நாற்காலி கேட்டுப் பாத்தீங்களா?"

"இருந்த நாற்காலிக்கு வேற ஆளு போட்டாச்சு. யாரு பண்ணதுன்னு கேட்டேன். சிஸ்டர் அம்மா ஸ்க்ரீனுக்கு அடியில காட்டுனாங்க. 'பந்தி, கோத்தவர் க. புனிதவதி.' அதான் வந்தேன். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு அவருக்கு. படுத்தா மூச்சு முட்டுது, ஒக்காந்துக்கிட்டே இருக்காரு." சவுந்தரத்தின் குரல் உயரவில்லை, தணிந்தது. "வியாழக்கிழமையும் இல்லேன்னா, அப்புறம் நீங்க பேரை எடுத்தது சரியாத்தான் இருக்கும் மேடம்."

புனிதவதி கணிப்பொறியைத் திருப்பி, நீக்கிய பெயரை மீளச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள். முதல் திரை அடையாள எண் கேட்டது. இரண்டாவது இருப்பிடச் சான்று. மூன்றாவது, உயிரோடிருப்பதற்கு மருத்துவர் சான்று. இப்படிப் பதினொரு திரை. பதினோராவதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: பதினைந்து வேலை நாள்களுக்குள் பரிசீலிக்கப்படும்.

மறைத்துறைக் கோயிலின் மேலை வாசலைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் தாழிட்டுக் கிடந்த கதவை ஓர் அடியார் பாடித் திறந்தாராம். ஒரு பாட்டுக்கு அசையவில்லை, இரண்டுக்கும் இல்லை. பத்துப் பாட்டுப் பாடி நெஞ்சு நொந்து மன்றாடிய பிறகே தாழ் நெகிழ்ந்ததாம். அதே கதவை அடைக்க, உடன் வந்த இளைய அடியார் பாடிய ஒரே பாட்டு போதுமாயிருந்ததாம். வெள்ளிதோறும் அந்த வாசலில் நின்று பாடுகிறவள் புனிதவதி. அடைப்பதன் எளிமையும் திறப்பதன் அருமையும் ஆண்டவனின் திருவிளையாட்டு என்றே அதுநாள்வரை எண்ணியிருந்தாள். மனிதர் கையாலும் அப்படி ஒரு கதவு செய்ய இயலும் என்பதும், செய்தவள் தானே என்பதும் பதினோராவது திரையைப் பார்த்தபோதுதான் புலப்பட்டது.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள். "அவரைப் படுக்க வெக்காதீங்க. தண்ணி அளவாக் குடுங்க. வியாழக்கிழமை அவர் நாற்காலியில இருப்பாரு."

"யாரு சொல்றது? நீங்களா, மிசினா?"

"நான் சொல்றேன்."

சவுந்தரம் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் நின்ற இடத்தில் இரண்டு வெள்ளைக் காலடிகள் காய்ந்து கிடந்தன.

ஒன்பது ஆண்டில் முதல் முறையாகப் புனிதவதி தன் மணியைத் திறந்தாள். மேல் மூலையில் ஓர் எண் இருந்தது: பயன்படுத்தும் செயலிகள் 6,312. விதவை உதவி, வீட்டுமனைப் பட்டியல், விடுதிச் சேர்க்கை, முதியோர் உணவு, மருந்து வழங்கல். கீழே போகப் போகப் பட்டியல் நீண்டுகொண்டே இருந்தது.

"உள்ள என்ன இருக்குன்னு யாருமே பாக்கலையா அண்ணே?"

"பாக்க முடியாதே புனிதா. கோத்தவங்கதான் மணியைத் திறக்கலாம். மத்தவங்களுக்கு மேல்தோல்தான் தெரியும்." மரியசெல்வம் கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு, "நானே போன வருசம் விடுதிக்கு ஒண்ணு கோத்தேன்" என்றார். "வராத பிள்ளைங்க பட்டியல்னு அடிச்சேன். உன் மணியைக் கொண்டாந்து நிறுத்துச்சு. நம்ம புனிதா செஞ்சதாச்சேன்னு கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டேன்."

"எத்தனை பிள்ளைங்க பேரு போச்சு?"

"பாக்கலம்மா."

அவள் திரையையே பார்த்திருந்தாள். ஐந்து மணிகள் ஒரு நூலில். பெயர், அழைப்பு, மூன்று முறை, நீக்கம், அடுத்தவர். மண்டபத்தில் நடந்தது இவ்வளவுதானா?

இல்லை. மூன்றாவது பந்தியிலும் குரல் வராத பெயருக்கு அவள் ஓர் இலை போட்டுச் சோறு வைத்து, இன்னோர் இலையால் மூடிவிட்டு எழுந்து போவாள். அடுப்படிக்குப் பின்னால், கழிப்பறை வரிசையில், பேருந்து நிறுத்தத்தில், மண்டபத்தின் மாடிப்படி வளைவில் தேடுவாள். அப்படித் தேடிக் கண்டவர்கள் பதினேழு பேர். காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த ஒருவர். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, எந்தப் பெயருக்கும் குரல் கொடுப்பதில்லை என்று இருந்த ஒருத்தி. காது கேளாத கிழவர் ஒருவர் மூன்று பந்திக்கும் கதவுக்கு வெளியே காத்திருந்தார். அவர்களை அழைத்து வந்து உட்கார்த்தி அவளே பரிமாறுவாள். சமையல்காரர்கள் அதற்கு நான்காவது பந்தி என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். தேடிக் கிடைக்காத பெயரை மட்டுமே நீக்குவாள்.

அந்த நடையை அவள் மணியில் போடவில்லை. மறதியால் அன்று. தன் கால்கள் நடக்கும் வேலைக்கு ஒரு மணி எதற்கு என்று அவளுக்கு அன்று தோன்றியிருந்தது. தான் இருக்கும் இடத்துக்கு மட்டுமே அந்தச் செயலி என்று நினைத்தவள், தான் இல்லாத ஆறாயிரம் இடங்களுக்கு அதை அனுப்பியிருந்தாள்.

நூலை அறுத்தாள். 'மூன்று முறை' என்ற மணிக்கும் 'நீக்கம்' என்ற மணிக்கும் நடுவில் ஒன்றைக் கோத்தாள்: ஓர் அலுவலர் நேரில் சென்று பார்க்க வேண்டும். பார்த்தவர் மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும். அவரைக் கண்டீர்களா? எந்த நிலையில் கண்டீர்கள்? என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது என்ன? மூன்றும் நிறையாமல் பெயர் நீங்காது. கடந்த தொண்ணூறு நாளில் நீக்கிய பெயர்களுக்கும் இது பொருந்தும்.

மரியசெல்வம் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். "கலெக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"கேக்கலாம். பதினஞ்சு வேலை நாள் ஆகும்" என்று சொல்லி வெளியிட்டாள்.

மாநிலமெங்கும் நாற்பத்தோராயிரம் பெயர்கள் மீண்டும் திரையேறின, 'பார்க்கப்பட வேண்டியவர்' என்ற குறிப்புடன். எங்கோ ஒரு நகரில் வீட்டுமனை ஒதுக்கீடு நின்றது. இன்னோரிடத்தில் விடுதி வார்டன் ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தார் என்று பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை காலையில் சுத்திகரிப்புப் பிரிவின் தலைமைச் செவிலியர் லூர்துமேரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளக் குடியிருப்புக்குப் போய், வேதையன் கையைப் பிடித்துப் பார்த்து, முதல் கேள்விக்குக் கண்டேன் என்றும், இரண்டாவதற்கு மிக மோசம் என்றும், மூன்றாவதற்கு 'மூச்சு' என்றும் எழுதினார். வியாழன் காலை எட்டு மணிக்கு வேதையன் நாற்காலியில் இருந்தார்.

எட்டே காலுக்குப் புனிதவதியின் மேசைத் தொலைபேசி மணியடித்தது. வாரியத்திலிருந்து நிரஞ்சன் என்பவர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது.

"மேடம், ஆறாயிரம் செயலி முடங்கிக் கெடக்கு. முடங்குறதுன்னா நிஜமாவே. எல்லாரும் வண்டி எடுத்துக்கிட்டு யாரையோ பாக்கப் போயிட்டாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதா? மேடம், சரத்தோட நோக்கமே வேகம். ஒரு ஆளு ஒரு மணி நேரத்துல செயலி செஞ்சு அன்னைக்கே ஓட்டலாம். அதுக்காகத்தான் இது. பழையபடி மாத்திடுங்க, ரெண்டு நிமிச வேலை."

"மாத்தினா வேதையன் பேரு என்னாகும்?"

தட்டும் ஒலி கேட்டது. "அவரு… மூணு அழைப்பு விட்டவரு. நேர்ல பாத்த குறிப்பு இப்ப நீங்க சேத்த மணிக்குள்ள இருக்கு. அதை எடுத்தா குறிப்பும் போயிடும். பேரு நீங்கிடும். ஆனா முறைப்படி மனு குடுத்தா…"

"பதினோரு திரை."

நிரஞ்சன் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "ஒண்ணு கேக்குறேன் மேடம். அந்த நாற்காலி திங்கக்கிழமையே இன்னொருத்தருக்குப் போயிடுச்சு. ஒரு டீச்சரம்மா. ஒன்றரை வருசம் காத்திருந்தவங்க. நீங்க வேதையனைப் பாத்தீங்க, அதனால அவருக்காகச் சண்டை போடுறீங்க. அந்தம்மாவைப் பாக்கல. அவங்களை எழுப்பி விட்டீங்களா?"

தொலைபேசியை வைத்துவிட்டு, உடனே மருத்துவமனையை அழைத்தாள். பின்னணியில் இயந்திரங்களின் முனகலோடு லூர்துமேரியின் குரல் வந்தது.

"எழுப்புறதா? இலை போட்டு உக்கார வெச்ச ஆளை எழுப்புவாங்களாக்கும்? ரெண்டு ஷிப்டு ஓட்டிக்கிட்டிருந்தோம், மூணாக்கியாச்சு. டாக்டர் கத்துனாரு, அப்புறம் கையெழுத்துப் போட்டாரு."

"இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே சிஸ்டர்?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "செஞ்சிருக்கலாம். ஆனா முன்னாடி லிஸ்ட் எப்பவும் சரியா இருக்கும் மேடம். பதினாறு நாற்காலி, ரெண்டு ஷிப்டு, அத்தனைக்கும் ஆளு. ஒருத்தர் பேரு போனா இன்னொருத்தர் பேரு வரும். குறையே தெரியாது. இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என் முன்னாடி நிக்கிறாங்க. ரெண்டு பேரையும் பாத்துட்டு எப்படி ஒருத்தரைப் போன்னு சொல்றது?"

அன்று மாலை மரியசெல்வம் விடுதிப் பட்டியலிலிருந்து நீங்கிய பெண்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் நீக்கியிருந்தவர்கள் ஏழு பேர். ஐவரைக் கண்டிருந்தார். அம்மாவின் பிரசவத்துக்குத் துணைக்குப் போன ஒரு பெண், திரும்பி வந்து பெயரில்லை என்றதும், தைக்கும் ஆலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். பதினாறு வயது. அவர் அதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு சோம்பேறி, புனிதா" என்றார். "இத்தனை வருசம் சுறுசுறுப்பா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்த சோம்பேறி."

வாரியத்தால் தானே அந்த மணியைத் திறந்து மாற்றிவிட முடியாதா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார் மரியசெல்வம்; காரணமும் சொன்னார். சில ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு செயலியால் கெட்டுப்போனவர்கள் வாரியத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். பழி தன்மேல் வராமலிருக்க வாரியம் ஒரு விதி எழுதியது: கோத்தவரே பொறுப்பு. பொறுப்பு அவரதென்றால் பூட்டும் அவரதாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே கோத்தவரைத் தவிர வேறெவரும் மணியைத் தொட முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

"தப்பிச்சுக்கிறதுக்காகக் கட்டின மதிலு" என்று சிரித்தார். "இப்ப அவங்க வெளியில நிக்கிறாங்க. ஆனா ஒரு வழி வெச்சிருக்காங்க. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. மூணு தடவை கூப்பிட்டும் நீ போகலேன்னா, கோத்தவர் இல்லைன்னு பதிவாகி மணி வாரியத்துக்குப் போயிடும். அதனால ஒழுங்கா விசாரணைக்குப் போயிடு."

"போனா என்ன சொல்லுவாங்க?"

"மாத்துன்னு சொல்லுவாங்க. மாட்டேன்னா மேலிடத்து உத்தரவை மீறினதா எழுதுவாங்க, வேலையை விட்டு நிறுத்துவாங்க. வேலையில இல்லாதவங்களுக்கு மணி கிடையாது."

"போனாலும் போகும், போகலேன்னாலும் போகும்."

"அப்படித்தான் தெரியுது."

அவள் சிறிது நேரம் தன் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்தாள். பிறகு விடுப்புக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தாள்.

"நான் போகப் போறதில்ல அண்ணே. அவங்க கூப்பிடட்டும்."

வெள்ளிக்கிழமை முதல் அழைப்பு வந்தது. அவள் மேலை வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது. வேதையன் நாற்காலியில் கிடந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஷிப்டுக்குக் காத்திருந்த டீச்சரம்மாவின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது அழைப்பு வந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது. அவள் உப்பளத்தில் இருந்தாள். சவுந்தரம் வாருபலகையை அவள் கையில் கொடுத்து, "சும்மா நின்னா வெயிலு ஏறும். இழுங்க" என்றிருந்தாள்.

புதன்கிழமை உச்சிப்பொழுதில் வரப்பின் மறுமுனையில் ஓர் உருவம் தெரிந்தது. நாற்புறமும் வெள்ளை, கீழே உப்பின் வெள்ளை, மேலே வெயிலின் வெள்ளை. நடுவில் அந்த உருவம் தட்டுத்தடுமாறி வந்தது. ஒரு கையில் காலணி, மறு கையில் கைப்பேசி.

கீற்றுக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து மடைநீரைக் கவனித்துக்கொண்டிருந்த வேதையன்தான் முதலில் குரல் கொடுத்தார். "ஐயா, வரப்பு மேலயே வாங்க! பாத்தியில கால வெச்சீங்கன்னா ரெண்டு நாளு உழைப்பு உடஞ்சுபோவும்!"

வந்தவன் சொன்னபடி வந்தான். கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, புனிதவதியைப் பார்த்து, "நான் நிரஞ்சன்" என்றான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"தெரியுது" என்றாள் அவள். "உக்காருங்க."

"மேடம், உங்களுக்குத் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா? மூணு அழைப்புக்கு வரலேன்னா மணியை எடுத்துக்கிற எங்க செயலி. அதையும் நாங்க சரத்துலதான் கோத்திருக்கோம். அதுக்குள்ள இருக்கிறதும் உங்க பந்திதான். நேத்து மூணாவது அழைப்பு முடிஞ்சதும் உங்க பேரு நீங்கும்னு எங்க இயக்குநர் திரையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. நீங்கல. 'ஓர் அலுவலர் நேரில் சென்று பார்க்க வேண்டும்'னு வந்து நின்னுச்சு."

"விடுப்பு எழுதுறதுக்கு முன்னாடி என் மணியோட பட்டியல்ல பாத்தேன்" என்றாள் புனிதவதி. "எல்லாரும் ஆம்னு தொட்ட மாதிரி நீங்களும் தொட்டிருக்கீங்க."

வேதையன் வாய்விட்டுச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சவுந்தரம் முதுகைத் தட்டினாள்.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. அவன் கைப்பேசியை முழங்காலில் வைத்து, கேள்விகளை ஒன்றொன்றாக வாய்விட்டுப் படித்தான். இணைப்பு இல்லாவிட்டாலும் படிவம் திறந்திருந்தது. கரைக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம்.

"அவரைக் கண்டீர்களா." தட்டினான். "கண்டேன்."

"எந்த நிலையில்?"

"வெயில்ல கறுத்துப் போயி, கையில கொப்புளத்தோடன்னு போடுங்க" என்றாள் சவுந்தரம். "வேலைக்கு ஆவமாட்டாங்க, ஆனா பாட்டு நல்லாப் பாடுறாங்க."

அவன் அதையும் எழுதினான். மூன்றாவது கேள்வியில் விரல் நின்றது.

"வர்ற வழியில இந்தத் தாலுகாவுலயே நாலு பேரைப் பாக்கச் சொல்லி எனக்கும் பட்டியல் குடுத்தாங்க மேடம்" என்றான் திரையைப் பார்த்தபடியே. "மூணு பேரைப் பாத்தேன். நாலாவது ஆளு முதியோர் உணவுப் பட்டியல். தனியா இருந்த ஒரு மனுசன். கதவு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுல கேட்டேன். எங்க பதிவுல அவரு பேரை நீக்கி எண்பது நாளு ஆகுது. அவரு செத்து அறுபது நாளுன்னு சொன்னாங்க. நான் அங்கேயே நின்னு கணக்குப் போட்டேன். நடுவில இருபது நாளு இருக்கு மேடம்."

மடையில் நீர் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மூணாவது கேள்வி பாக்கி இருக்கு" என்றாள் புனிதவதி.

அவன் நிமிர்ந்தான். படிவத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. தன் வாயால் கேட்டான். "உங்களுக்கு என்ன வேணும் மேடம்?"

"அந்த இருபது நாளு."

அவன் அவளையே பார்த்தான்.

"எழுதுங்க. சொன்னதை அப்படியே எழுதணும். அதைக் குடுக்க முடியும்னா உங்க வாரியம் மணியைத் தாராளமா எடுத்துக்கட்டும். நானே திறந்து குடுக்குறேன். குடுக்க முடியாதுன்னா, அது எங்கிட்டயே இருக்கட்டும். வேலையை விட்டு நிறுத்தணும்னாலும் நிறுத்தட்டும். அதுக்கும் அவங்க ஒரு செயலி வெச்சிருப்பாங்க. அதுக்கும் யாராவது இந்த வரப்புல நடந்து வரணும்."

அவன் எழுதினான். முதல் மூன்று சொற்களை எழுத அவனுக்கு நெடுநேரம் பிடித்தது. எழுதி முடித்துக் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"நான் இதை அனுப்பினா உங்க பேரு நிக்கும். மணியும் நிக்கும். வேதையன் பேரும்" என்றான். "மாத்தி எழுதச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. ஆளைக் காணலைன்னு போட்டுட்டு வந்துடுன்னாங்க." உப்பு அறுத்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டான். "நாளைக்கு என்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க மேடம். மூணு தடவை."

சவுந்தரம் தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியை ஊற்றி, சுட்ட கருவாட்டைக் கிள்ளி ஓரத்தில் வைத்து, தட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"கூப்பிடட்டும் தம்பி. இங்கதான் டவர் கிடையாதே. தட்டைப் புடிங்க."